‘வாயைக் கட்டவில்லை, டாக்டர்’

சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பகுதிகளிலிருந்து எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் முதியோர் பலர், ஆய்வக அறிக்கையை நாங்கள் பிரிக்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றனர்: “தப்பு என்னுடையதுதான் டாக்டர், வாயைக் கட்டவில்லை.” பேரனின் பிறந்தநாள் கேக், கல்யாண வீட்டு ஜாங்கிரி எல்லாம் வாக்குமூலமாக வரும்.

தம் உடம்பைத் தாமே பேண வேண்டும், பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்பது அவர்களது அறம். அதை மதிக்கிறோம். ஆயினும் அதே அறம் சிலவற்றை மறைத்தும்விடுகிறது. குளியலறையில் தடுமாறியதையும், விடியற்காலையில் வியர்த்துக் கை நடுங்கியதையும், மாதக் கடைசியில் மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கியதையும் மகளோ மருமகளோதான் கதவருகே நின்று தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள்.

வியர்வையும் நடுக்கமும் சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். முதுமையில் சிறுநீரகத்தின் வேகம் குறைவதால், சில மாத்திரைகள் உடம்பில் நெடுநேரம் தங்கிவிடும். சொன்னபடி நடந்தவருக்கும் இது நேரும். இதில் எவர் தப்பும் இல்லை. மருந்தளவைக் குறைக்க வேண்டியது எங்கள் வேலை. பல நோய்களோடு தளர்ந்திருப்பவருக்கு மூன்று மாதச் சராசரி 8 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருந்தாலே போதும் என முடிவு செய்வதுண்டு. பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் அந்தச் சராசரி மாறாது. இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பவர் மயங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள நேரலாம்.

நடுக்கம் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மாத்திரையை உடைப்பதற்குக் காரணம் செலவென்றால், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

எங்கள் பங்கும் இதில் உண்டு. “சொன்னபடி இருந்தீர்களா?” என்று பள்ளி ஆசிரியரைப் போலக் கேட்டே பழகிவிட்டோம், விடையும் அதற்கேற்பத்தான் வந்தது. இப்போது “எப்போதாவது தலை சுற்றியதா? எந்த மாத்திரை மீந்திருக்கிறது?” எனக் கேட்கிறோம்.

அடுத்த முறை வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுவாருங்கள். சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வாங்கிய சூரணமும் அந்தப் பையில் இருக்கட்டும். உடன் வருபவர் கதவருகே நிற்க வேண்டாம். பெரியவர் சம்மதித்தால் உள்ளே வந்து அமரலாம். இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறோம்.