சூப்பானும் சுகநித்திரையும்

நடுநிசி. மூன்று மாதக் குழந்தை வீறிட்டு அழுகிறது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டுத் தட்டியும் ஆயிற்று. அழுகை ஓயவில்லை. கடைசியில் அலமாரியிலிருந்து அந்த ரப்பர் காம்பை எடுத்து வாயில் வைக்கிறாள் தாய். வீடு நிசப்தமாகிறது. அடுத்த கணமே பாட்டியின் குரல் எழும்புகிறது: “அந்தக் கண்றாவியையா வாயில் திணிக்கிறே? பல் கோணிப் போகும்டி!”

சூப்பான் என்று சிலரும் நிப்பிள் என்று பலரும் சொல்லும் இந்தப் பால் வராத காம்பைப் பற்றிய சண்டை நம் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. நியூஸிலாந்து தேசத்தில் பாட்டியின் கட்சிக்கு ஒரு பெரிய டாக்டரே தலைமை வகித்தார்.

அவர் பெயர் ட்ரூபி கிங். டுனெடின் நகருக்கு அருகே ஸீக்ளிஃப் என்னும் இடத்தில் இருந்த மனநோய் ஆஸ்பத்திரியின் தலைவர். ஆஸ்பத்திரிப் பண்ணையில் கன்றுக்குட்டிகளுக்குப் பாலூட்டிப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர், பிறகு மனிதக் குழந்தைகளின் பக்கம் திரும்பினார். 1907-ல் அவர் தொடங்கிய பிளங்கெட் சங்கத்தின் நர்சுகள் வீடு வீடாகச் சென்று தாய்மார்களுக்குப் புத்தி சொன்னார்கள். தாய்ப்பாலே சிறந்தது, ஆனால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், ஜன்னலைத் திறந்து வை, சூப்பானை மட்டும் வீட்டுக்குள் சேர்க்காதே!

அந்தக் காலத்துக்கு இதில் நியாயமும் இருந்தது. தரையில் விழுந்த காம்பைப் புடவைத் தலைப்பிலோ, பாவாடை நுனியிலோ துடைத்து மறுபடி வாயில் வைத்தால் வயிற்றுப்போக்கு வரும். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் எமன் வாசலுக்கு வந்துவிட்டான் என்றே பொருள். ட்ரூபி கிங் 1938-ல் காலமானார். அவருடைய வாக்கு மட்டும் காலமாகவில்லை.

பிறகு அதே தேசத்தை வேறொரு துக்கம் பிடித்தது. நன்றாகப் பால் குடித்து, சிரித்து விளையாடிய குழந்தையை இரவில் படுக்கவைப்பார்கள். காலையில் பார்த்தால் உடல் சில்லிட்டுக் கிடக்கும். பிரேத பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. ‘தொட்டில் மரணம்’ என்று இதற்குப் பெயரிட்டார்கள். 1980-களில் நியூஸிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் நான்கு இவ்விதம் மாண்டன. அதிகமாகப் பறிபோனவை இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகளே.

1987 முதல் 1990 வரை, ஆக்லாந்தைச் சேர்ந்த எட் மிட்செல் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் காரணத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். குழந்தையைப் பறிகொடுத்த 393 குடும்பங்களிலிருந்தும், குழந்தை சௌக்கியமாக இருந்த 1,592 குடும்பங்களிலிருந்தும் விவரம் சேகரித்தார்கள். எப்படிப் படுக்கவைத்தீர்கள்? வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது? பக்கத்தில் யார் படுத்திருந்தது? சூப்பான் கொடுத்தீர்களா? கேட்டவர்களின் நிலையையும், பதில் சொன்ன தாய்மார்களின் நிலையையும் வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

விடை கொடியதாக இருந்தது. மாண்ட குழந்தைகளில் மிகப் பல குப்புறப் படுத்திருந்தவை. குப்புறப் போடச் சொன்னது யார்? வைத்தியர்கள்தாம்! மல்லாந்து கிடக்கும் குழந்தை கக்கினால் மூச்சடைத்துவிடும் என்று பயந்தார்கள். அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக், லட்சக்கணக்கான வீடுகளில் இருந்த தம் குழந்தை வளர்ப்பு நூலின் 1950-களின் பிற்பகுதிப் பதிப்புகளில் இதையே எழுதினார். ஸ்பாக் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். அதுதான் இதில் வயிற்றைக் கலக்குகிற விஷயம். லண்டனைச் சேர்ந்த ரூத் கில்பர்ட் அம்மையார் முதலானோர் பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி, 2005-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கு 1970-லேயே சான்று இருந்ததாம். அப்போதே விழித்துக்கொண்டிருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000 குழந்தைகளுக்கு மேல் பிழைத்திருக்கக்கூடும்.

1991-ல் நியூஸிலாந்தும், அவ்வாண்டு இறுதியில் பிரிட்டனும், 1994-ல் அமெரிக்காவும் “குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள்” என்று முழங்கின. சில வருஷங்களில் பிரிட்டனில் தொட்டில் மரணங்கள் பாதிக்கும் கீழே போயின. மருந்தில்லை, மாயமில்லை, திருப்பிப் போட்டதுதான்.

சூப்பான் எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? மிட்செல் குழுவினரின் காகிதங்களுக்குள்ளேயே அதுவும் இருந்தது. சூப்பானுடன் தூங்கப்போன குழந்தைகளில் மாண்டவை குறைவு என்று 1993-ல் அவர்கள் எழுதினார்கள். ட்ரூபி கிங்கின் தேசத்திலிருந்தே இந்தச் செய்தி வந்ததுதான் வேடிக்கை. 2005-ல் அமெரிக்காவின் ஃபெர்ன் ஹாக் அம்மையாரும் சகாக்களும் பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சூப்பானோடு தூங்கிய குழந்தைகளுக்கு இந்த அபாயம் பாதிக்கும் குறைவாகவே காணப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும், தூங்கவைக்கும்போது சூப்பான் தரலாம் என்று சொல்லிவிட்டது.

இதைப் படித்ததும் கடைக்கு ஓட வேண்டாம். சூப்பான்தான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்லும் நேரடிப் பரிசோதனை இதுவரை நடக்கவில்லை. தாய்ப்பால் குடிப்பது கெடும் என்று பயந்து, சூப்பானே கூடாது என்று 1989-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெஃபும் விதித்தன. 2018-ல் அந்த விதியைத் தளர்த்தி, அதன் தீமைகளைத் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்ற அளவில் நிறுத்திக்கொண்டன. ஆகவே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, முதல் மாதம் கழிந்து, குடிப்பது நன்றாகப் படிந்த பிறகு கொடுப்பதே சரி. வேண்டாமென்று துப்பினால் வற்புறுத்தக் கூடாது. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டுவது பெரிய ஆபத்து. தேனில் தோய்த்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. ஒரு வயதுக்குள் தேனே ஆகாது. ஒரு வயது நெருங்கும்போது சூப்பானை மறக்கடிப்பது நல்லது. இல்லாவிட்டால் காதில் சீழ் வைக்கும் தொல்லை கூடும். பிறகும் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் பாட்டி சொன்ன பல் கோணலும் வரும்.

மல்லாக்கப் படுக்கவைப்பதற்குச் சூப்பான் ஈடாகாது. கெட்டியான, சமமான படுக்கை. முகத்தருகே தலையணையோ பொம்மையோ கூடாது. வீட்டில் புகை கூடாது. இந்தக் கணக்குப்படி நம் தூளியும் தேறாது. துணி குழிந்து, குழந்தையின் மோவாய் மார்பில் முட்டும். தூளியில் தூங்கிப்போன குழந்தையைப் பாயில் கிடத்துங்கள் என்று சொன்னால் அடுத்த சண்டை எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

தூங்கிய சற்று நேரத்தில் சூப்பான் தானாகவே நழுவி விழுந்துவிடும். அதைத் தேடியெடுத்து மறுபடி திணிக்க வேண்டியதில்லை. விழுந்த பிறகும் அந்தக் காப்பு நீடிப்பதாகவே தெரிகிறது. குழந்தை எளிதில் விழித்துக்கொள்கிறது என்கிறார்கள் சிலர். நாக்கு முன்னே வந்து மூச்சுக்குழல் திறந்திருக்கிறது என்கிறார்கள் வேறு சிலர். டாக்டர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.