நடப்பதும் உழைப்பதும் ஆயுளைக் கூட்டுமா? பதில் நம் வீட்டுத் தகவலிலும் இருக்கிறது

அருப்புக்கோட்டையில் பஜ்ர் தொழுகை முடிந்ததும் நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் பெரியவர்களைப் பார்க்கிறோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு, மருத்துவர் சொன்னதால் நடக்கிறார்கள். திருச்சுழிப் பக்கம் போனால், அறுபதைத் தாண்டிய பெண்கள் சீமைக்கருவேல விறகைத் தலையில் சுமந்து கரிசல் காட்டில் நடந்து வருகிறார்கள். அங்கே நடப்பது பயிற்சி; இங்கே நடப்பது பிழைப்பு. இரண்டும் ஒரே பலனைத் தருமா?

இரண்டு பதில்கள்

2017-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ‘ப்யூர்’ என்ற ஆய்வு வெளியானது. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. வாரத்தில் 150 நிமிடமாவது உடலுக்கு வேலை கொடுப்பவர்களிடம் மரண ஆபத்து குறைவாக இருந்தது. அது பயிற்சியாக இருந்தாலும் சரி, தொழிலாகவோ வீட்டு வேலையாகவோ இருந்தாலும் சரி என்றது அந்த ஆய்வு.

2021-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1,04,046 பேரிடம் நடந்த ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. ஓய்வு நேரப் பயிற்சி செய்பவர்களிடம் ஆபத்து குறைவு. கடும் உடலுழைப்பு வேலை செய்பவர்களிடமோ ஆபத்து அதிகம்.

அப்படியானால் விறகு சுமக்கும் நம் தாய்மார்களுக்கு எந்தப் பதில் பொருந்தும்? கட்டுரையில் அச்சாகும் முடிவை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஒவ்வொருவரின் வயது, வேலை, எடை, புகைப்பழக்கம், ஏற்கெனவே இருந்த நோய் ஆகிய மூலத் தகவல்கள் மற்ற ஆய்வாளர்கள் கைக்கும் போய், அவர்களும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இதைத்தான் ஆய்வுத் தரவுப் பகிர்வு என்கிறார்கள்.

கால்சட்டை சொன்ன செய்தி

இதன் அவசியத்தை ஒரு பழைய ஆய்வு காட்டுகிறது. லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-ல் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் வெளியிட்டார்கள். பிறகு 1956-ல் அவர்களே சீருடைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். இளவயது ஓட்டுநர்களுக்கே கால்சட்டையின் இடுப்பளவு பெரிதாக இருந்தது. அப்படியென்றால் அந்த வித்தியாசம் முழுவதும் வேலையால் வந்ததல்ல. ஒரு பகுதி ஆட்களோடு முன்பே வந்திருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நடக்காததால் நோய் வந்ததா, நோய் இருந்ததால் நடக்க முடியவில்லையா? ஆய்வு தொடங்கி முதல் சில ஆண்டுகளில் இறந்தவர்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டால் ஓரளவு தெளிவு கிடைக்கும். மூலத் தரவு கையில் இருந்தால்தான் வேறொருவர் இப்படிச் சரிபார்க்க முடியும்.

இந்தியாவின் கணக்கு

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடக்கிறது. ‘லாசி’ எனப்படும் முதியோர் ஆய்வின் முதல் சுற்று 2017-18-ல் நடந்தது. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று, 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், எந்த வயதாயினும் அவர்களின் வாழ்க்கைத்துணைகள் எனச் சேர்த்து 72 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் தகவல் திரட்டியது. உடற்பயிற்சியை மட்டும் கேட்காமல் விவசாய வேலை, மண்வெட்டி பிடிப்பது, தண்ணீரோ விறகோ கொண்டுவருவது ஆகியவற்றையும் சேர்த்தே கேட்டார்கள். இதன் தரவை ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெறலாம். அதில் பெயரோ முகவரியோ இருக்காது.

நம் தயக்கம்

ஆனால் யாராவது தாளும் பேனாவுமாக வாசலில் வந்து நின்றால் நம் வீடுகளில் தயங்குகிறோம். ‘குடியுரிமைக் கணக்கோ?’ என்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. பெயரை நீக்கிவிட்டோம் என்பதும் போதாது. ஒரு சிற்றூரில் 85 வயது, நெசவாளர், முஸ்லிம் என்றால் ஆள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் ஊர்ப்பெயரை மறைப்பதும், வயதைத் தொகுத்துக் காட்டுவதும், தரவு பெறுபவரிடம் ‘ஆளை அடையாளம் காண முயல மாட்டேன்’ என்று எழுதி வாங்குவதும் தேவைப்படுகின்றன.

எனவே வருபவரை விரட்டவும் வேண்டாம், கேட்டதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லவும் வேண்டாம். அடையாள அட்டையைப் பாருங்கள். எந்த நிறுவனம், என்ன நோக்கம், நெறிமுறைக் குழு ஒப்புதல் உண்டா, தகவல் யாருடன் பகிரப்படும் என்று கேளுங்கள். புரியும் மொழியில் விளக்கம் பெறவும், விரும்பாவிட்டால் மறுக்கவும், இடையில் விலகிக்கொள்ளவும் ஆய்வில் பங்கேற்பவருக்கு உரிமை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன.

நாம் எல்லோரும் கதவைச் சாத்திவிட்டால், கோபன்ஹேகன்காரரின் உடலை வைத்துச் சொன்ன ஆலோசனைதான் திருச்சுழித் தாய்க்கும் வந்து சேரும். அவர் நடந்த தூரமும் சுமந்த பாரமும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

நாம் கொடுக்கும் தகவல் ஆய்வாளரிடம் ஓர் அமானிதம். அதைக் கசியவிடுவது மோசடி. யாருக்கும் பயன்படாமல் பூட்டி வைப்பதும் அந்த அமானிதத்துக்குச் செய்யும் நியாயமல்ல.