தொழில்முறைக்கு மாறத் தயங்கும் டிஸ்க் கோல்ஃப் வீரர்கள்

தட்டை வீசி, சங்கிலிகள் தொங்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். அந்தக் கூடையை வடிவமைத்த எட் ஹெட்ரிக்தான் 1976-இல் அமெரிக்காவில் இதன் தொழில்முறைச் சங்கத்தையும் தொடங்கினார். சங்கம் ஒவ்வொரு வீரருக்கும் தரப்புள்ளி தருகிறது. 935-ஐத் தொட்ட அமெச்சூர் வீரர், இடைநிலைப் பிரிவை விட்டு மேலேறியாக வேண்டும். ஆனால் அடுத்துள்ள அட்வான்ஸ்டு பிரிவுக்கு உச்சவரம்பே கிடையாது! 970 புள்ளிக்காரரும் வருடக்கணக்கில் அங்கேயே ஆடலாம். ஜெயித்தால் பணம் இல்லை. புதுத் தட்டு, தோள்பை மாதிரிப் பொருள்கள் கிடைக்கும். தொழில்முறைப் பிரிவிலோ நுழைவுக்கட்டணம் கூடுதல். எதிரே நிற்பவர்கள் 1000 புள்ளிக்காரர்கள். பரிசுப் பணத்தை வாங்கினால் அமெச்சூர் தகுதியும் போய்விடும். தயங்குபவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனாலும், இப்போதுதான் ஏறிவந்த 940 புள்ளிக்காரர் பாவம், அவர்களோடுதான் மோத வேண்டும்.