கம்பியில் கேட்டுக் கற்ற மொழி

அண்ணனின் விண்டோஸ் லேப்டாப்பில் கல்யாண வீடியோ இருக்கிறது. பக்கத்து அறையில் தங்கையின் மேக் கணினிக்கு அது வேண்டும். முதலில் பென்டிரைவைத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் கூகுள் டிரைவில் ஏற்றி, மறுபடி இறக்குவார்கள். பத்தடி போக வேண்டிய கோப்பு எங்கோ உள்ள தரவு மையத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே வைஃபை ரவுட்டரில் இணைந்திருப்பவை. ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டால் போதும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் இதற்கு இன்று பேசும் பொதுமொழி எஸ்எம்பி. ஐபிஎம்மில் பணியாற்றிய பாரி ஃபைகன்பாம் 1980களின் தொடக்கத்தில் வடிவமைத்தது; மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. சன் நிறுவனம் 1984இல் என்எஃப்எஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆப்பிள் தனக்கென்று வேறொன்று வைத்திருந்தது. ஆளுக்கொரு மொழி!

இந்த மொழிச் சுவரை உடைத்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 1991 இறுதியில் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். டாஸ் கணினி ஒன்றிலிருந்து யூனிக்ஸ் கணினியின் வட்டைத் திறக்க வேண்டியிருந்தது. அதற்கான மென்பொருளை விற்ற டெக் நிறுவனத்தின் சர்வர் எப்படிப் பேசுகிறது என்று அவருக்குத் தெரியாது. கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களைப் பிடித்துக் காட்டும் நிரல் ஒன்றை எழுதினார். இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று கவனித்துக் கவனித்து, அதேபோல் பதில் சொல்லும் சர்வரை உருவாக்கினார். பிரெஞ்சு தெரியாதவர் ஓட்டலில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டால் பரிமாறுபவர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்த்தே மொழியைக் கற்பதோடு இந்த முறையை அவர் ஒப்பிட்டிருக்கிறார். நிரலை 1992 ஜனவரியில் இலவசமாக வெளியிட்டுவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, மனைவியின் விண்டோஸ் கணினியைத் தன் லினக்ஸ் கணினியோடு இணைக்க நினைத்தபோது அந்தப் பழைய நிரலை ஓட்டிப் பார்த்தார். வேலை செய்தது! டெக்கின் சர்வருக்காகக் கற்ற மொழி எஸ்எம்பியேதான். அந்த வீட்டு இணைப்பிலிருந்து வளர்ந்ததுதான் சாம்பா என்ற மென்பொருள்.

மைக்ரோசாஃப்ட் தன் நெறிமுறையின் முழு விவரத்தை வெளியே தரவில்லை. ஐரோப்பிய ஆணையம் 2004இல் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, விவரங்களைத் தர உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த டிசம்பரில் ஆவணங்கள் சாம்பா குழுவின் கைக்கு வந்தன. பதினைந்து ஆண்டுகள் ஒட்டுக்கேட்டே எழுதியவர்களுக்குக் கிடைத்த நியாயம் அது. 2013இல் ஆப்பிளும் தன் சொந்த மொழியை ஒதுக்கி, எஸ்எம்பியை முதன்மையாக்கியது.

இந்த மொழியின் அழகு, கோப்பு இடம் மாற வேண்டியதில்லை என்பது. மேக் முதலில் "எந்தப் பதிப்பு பேசுவாய்?" என்று கேட்கும்; பிறகு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும்; அதன்பின் வீடியோவின் இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் கொடு என்று துண்டு துண்டாகக் கேட்கும். முழுப்படமும் இறங்கக் காத்திராமல் பார்க்கத் தொடங்கிவிடலாம்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. 'கொலு' என்று விண்டோஸில் தட்டினால் பொதுவாக ஒகரக் குறி ஒரே குறியீடாகப் பதிவாகும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டமைப்பு அதைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும். பென்டிரைவ், நகல் என்று அலைந்தபின் ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கொலு' நிற்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

அதைவிடப் பெரிய ஆபத்து எஸ்எம்பியின் முதல் பதிப்பு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் அதிலிருந்த ஓட்டை வழியாகவே பரவி, பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கியது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும், பலர் நிறுவவில்லை. பழைய நெட்வொர்க் வட்டு ஒன்று விண்டோஸில் தெரியவில்லை என்றால், முதல் பதிப்பை மறுபடி இயக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்கவே கூடாது. அந்த வட்டின் மென்பொருளைப் புதுப்பிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதிலுள்ள படங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அதன் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.