அங்கணமும் கிணறும்

திருக்குறளில் அவையறிதல் என்னும் அதிகாரத்தின் ஈற்றுக் குறளிலே வள்ளுவர் ‘அங்கணம்’ என்றொரு சொல்லை ஆள்கின்றார். தூய்மையற்ற முற்றம் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். தமிழகத்தின் தென்பகுதியில், பாத்திரம் கழுவிய நீர் வடியும் இடத்துக்கு அப்பெயர் வழங்குவதுண்டு. மணிமேகலையோ, வஞ்சி நகரத்து அகழியை வருணிக்குமிடத்து, மனைக் கழிநீரைக் கொண்டுசெல்லும் சுருங்கைத் தூம்பைப் பேசுகின்றது. கழிநீரை எவ்வழி போக்குவது என்னும் கவலை நமக்குப் புதிதன்று.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் இக்கவலை எளிதிலே தீர்ந்திருந்தது. சட்டி பானைகளைக் கிணற்றடிக்கு எடுத்துச் சென்று, சாம்பலும் தும்பும் கொண்டு துலக்குவர். அந்நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் பாயும். பருக்கைகள் கோழிக்கும் காகத்துக்கும் உணவாகும்.

நெல்லியடியிலுள்ள எங்கள் வீடும் அத்தகையதே. அண்மையிலே குசினியைப் புதுக்கிச் சிங்க் ஒன்று அமைத்தோம். கனடாவிலிருந்து வந்த மகன், தாயின் முழங்கால் நோவைக் கண்டு, பாத்திரம் கழுவும் இயந்திரமும் வாங்கித் தந்தான். ஒரு திங்கள் செல்லுமுன் இயந்திரத்தின் அடியிலே எண்ணெய் படர்ந்த நீர் தேங்கிற்று. குசினியெங்கும் துர்நாற்றம் வீசிற்று.

ஆராய்ந்தபோது பிழைகள் இரண்டு புலப்பட்டன. இயந்திரத்தின் கழிநீர்க் குழாய் தரையோடு கிடந்தமையால், சிங்க் அடைபட்டபோது அதன் அழுக்குநீர் இயந்திரத்துட் புகுந்தது. அக்குழாயை மேற்பலகையின் அடிவரை உயர்த்திக் கட்டிப் பின்னரே இறக்கி இணைத்தல் வேண்டும். மற்றையது, சிங்கின் கீழே வளைகுழாய் இல்லாமை. 1775ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கம்மிங் என்பார் உரிமம் பெற்ற அமைப்பு அது. வளைவிலே எப்பொழுதும் தங்கி நிற்கும் சிறிதளவு நீரே கதவாகி, குழியின் நாற்றத்தை உள்ளே வரவொட்டாது தடுக்கின்றது.

இவற்றைத் திருத்துதல் ஒருநாள் வேலை. ஆனால் மூன்றாவது பிழையொன்று வெளியே இருந்தது. குழாயைத் தொடர்ந்து சென்று பார்த்தால், அது முடிந்த குழி எங்கள் கிணற்றுக்குச் சில பாகந் தொலைவிலே வெட்டப்பட்டிருந்தது!

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கித் தங்குகின்றது; அதனையே கிணறுகள் நமக்குத் தருகின்றன. புத்தூர் நிலாவரையும் கீரிமலைக் கேணியும் அக்கல்லின் இயல்புக்குச் சான்றுகள். மண்ணினூடு மெல்லக் கசியும் நீர் ஓரளவு தெளியும். வெடிப்பினூடு ஓடும் நீரோ அழுக்கோடு விரைந்து கிணற்றைச் சேரும். அயலவர் கிணறும் தப்பாது.

“என் முழங்கால் நோவைத் தீர்க்கப் போய், நாலு வீட்டுத் தண்ணீரைக் கெடுப்பதோ?” என்றாள் மனைவி. இயந்திரத்தை நிறுத்திவிடலாம் என்றும் கூறினாள். அதற்கு நான் இசையவில்லை. நாற்பது ஆண்டு கிணற்றடியிலே குந்தியிருந்து தேய்ந்த முழங்கால் அது.

பழைய குழியைத் தூர்த்தோம். வெளியே மூடியிட்ட சிறு தொட்டி கட்டி, எண்ணெயும் பருக்கையும் அதிலே தங்கச் செய்தோம். வாரந்தோறும் அதனை வழித்தெடுப்பது என் பணி. அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வைத்துக் குழாயை வளவின் மறுகோடிக்குக் கொண்டு சென்று, ஆழமில்லாத மண்பாத்தியிலே நீரைப் பரப்பினோம். அங்கே வாழை நட்டிருக்கின்றோம். சவர்க்காரத் தூளையும் அளவோடே இடுகின்றோம்.

புதுப்பொருள் வீட்டுக்குள் வருவது தவறன்று. அது கழிக்கும் நீர் எங்கே செல்கின்றது என்று வாசலைக் கடந்து பாராமையே தவறு. நம் வீட்டு அங்கணம் அயலவர் குடிநீரிலே முடிதல் ஆகாது.