வளரும் தொழிலை விரிவாக்கத் திட்டமிடுதல்: லிஜ்ஜத் அப்பள அமைப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்
தொழில் விரிவாக்கம் உற்பத்திப் பெருக்கம் மட்டுமன்று. எப்பணியை மையத்தில் நிறுத்துவது, எதனைப் பரவலாக்குவது எனப் பகுப்பதே அதன் முதற்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொழில் விரிவாக்கம், பணிப்பகுப்பு, தரக்கட்டுப்பாடு, கூட்டுரிமை

முன்னுரை
சிறிய அளவில் செம்மையாக நடைபெறும் தொழில் விரியும்போது தரம் குன்றுவதும், தொடங்கியோரின் உரிமை நழுவுவதும் உண்டு. 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இடத் தொடங்கினர். இன்று அவ்வமைப்பின் உறுப்பினர்கள் 40,000க்கும் மேற்பட்டோர். அது அவ்விரு இடர்களையும் எதிர்கொண்ட முறை ஆராயத்தக்கது.

தடையைக் கண்டறிதல்
முதலாண்டில் மழையால் அப்பளம் உலராமையின் நான்கு மாதங்கள் உற்பத்தி நின்றது. அடுத்த ஆண்டு கட்டிலின்மீது அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பு மூட்டி உலர்த்தினர். தொழிலின் வேகத்தை மிகவும் குறைக்கும் படிநிலை எதுவோ அதனையே முதலில் சீர்செய்தல் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

மையமும் பரவலும்
மாவின் கலவை சுவையை நிர்ணயிக்கிறது. இடுதலும் உலர்த்தலும் மிகுந்த உழைப்பையும் இடத்தையும் வேண்டுகின்றன. எனவே மூலப்பொருள்கள் மையமாக வாங்கப்பட்டுக் கிளைகளுக்கு அனுப்பப்படுகின்றன. கிளையில் பிசைந்த மாவை உறுப்பினர்கள் வீட்டிற்குக் கொண்டுசென்று இட்டு உலர்த்தி, மறுநாள் ஒப்படைக்கின்றனர். தரச் சோதனைக்குப் பின் கூலி வழங்கப்படுகிறது. வீட்டில் இடவசதி இல்லாதோர் பிசைதல், பொட்டலமிடுதல் முதலிய பணிகளை ஏற்கின்றனர். ஆகவே உற்பத்தியைப் பெருக்கப் பேராலை தேவைப்படுவதில்லை; கிளையின் பிசையும் திறனும் சோதிக்கும் திறனுமே வளர்ச்சிக்கு எல்லையாகின்றன.

உரிமையும் சுமையும்
உறுப்பினர் அனைவரும் இணை உரிமையாளர்கள். இலாப நட்டங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். 1961இல் மலாடில் கிளை தொடங்கும் முயற்சி கைகூடவில்லை. 1966இல் சங்கமாகப் பதிவுபெற்ற பின், 1968இல் குஜராத்தின் வாலோடில் கிளை அமைந்தது. புதிய உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் உழைப்போடு தம் வீட்டையும் பணியிடமாகக் கொண்டுவருகிறார். இதனால் கட்டட முதலீடு குறைகிறது. ஆயினும் அச்சுமையின் ஒரு பகுதி உறுப்பினரின் குடும்பத்தைச் சேர்கிறது. இச்செலவு கணக்கேடுகளில் இடம்பெறுவதில்லை.

முடிவுரை
விரிவாக்கத் திட்டம் மூன்று வினாக்களுக்கு விடை தருதல் வேண்டும்: இன்றைய தடை எது? மையத்தை விட்டு அகலக்கூடாத பணி எது? வளர்ச்சியின் பயனும் சுமையும் எவரைச் சேர்கின்றன? மூன்றாம் வினாவைத் தவிர்க்கும் திட்டம் அளவில் வளரினும் உரிமையில் சுருங்கும்.