தெறித்த வாதும் கருவிழியும்: மதுரை ஆய்வு மலையகத்துக்குச் சொல்வது

இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ரயில் நிற்கும் சிறிய இடம் றொசல்ல. ஸ்டேஷனை விட்டு எந்தப் பக்கம் ஏறினாலும் தேயிலைதான். சில வருடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையும் கவ்வாத்துக்கு வரும். கத்தி விழும் வேகத்தில் வாது எகிறி முகத்தில் அடிப்பது அங்கே யாருக்கும் புதிதில்லை. கவ்வாத்து முடிந்த மலையில் மிலாறு என்கிற வெட்டுக் குச்சிகளைப் பொறுக்கிக் கட்டித் தலையில் தூக்கும் பெண்ணின் கண்ணிலும் அதே குச்சிதான் உரசும். கண் கரிக்கும், தண்ணீர் வடியும். "தூசிதான், தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டா சரியாப் போயிடும்" என்று லயத்தில் ஒரு பாட்டி சொல்வார். பெரும்பாலும் சரியாகியும் விடும். சரியாகாமல் போகிற கண்களை எண்ணி, ஆராய்ந்து, அவற்றுக்கு எந்த மருந்து பலிக்கும் என்று பல ஆண்டுகள் சோதித்தவர்களில் முதன்மையானவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் எம். சீனிவாசன். தேயிலைத் தோட்டத்துக்கு வெகு தூரத்தில் நடந்த வேலை அது. ஆனாலும் அதன் முடிவுகள் தோட்டத்துக்கு என்றே எழுதியதுபோல் பொருந்துகின்றன.

கருவிழியின் முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடியைப் போல் பொருந்தியிருக்கிறது ஒரு தெளிவான படலம். இலங்கைப் பள்ளிப் புத்தகங்களில் அதற்கு விழிவெண்படலம் என்று பெயர்; பேச்சில் அதையும் கருவிழி என்றே சொல்கிறோம், இங்கும் அப்படியே. நடுவில் அதன் தடிப்பு சுமார் அரை மில்லிமீற்றர். அதில் இரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் ஒளி தடையின்றி உள்ளே போகிறது. ஆனால் இரத்தம் ஓடாத இடத்துக்கு உடம்பின் காவற்படையும் தாமதமாகத்தான் வந்து சேரும். மேல்தோல் மட்டும் கீறினால் ஒன்றிரண்டு நாளில் தானாக மூடிக்கொள்ளும். குச்சியோடு ஒட்டிவந்த பக்டீரியாவோ பூஞ்சணமோ அந்தக் கீறல் வழியாக உள்ளே இறங்கிவிட்டால் புண் உண்டாகிறது. ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். "கண்ணுல பூ விழுந்திருச்சு" என்று ஊரில் சொல்வது பல வேளைகளில் இதைத்தான். பூ நடுவில் விழுந்தால் அந்தக் கண்ணால் பிறகு வேலை செய்ய முடியாது.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 கட்டில்களோடு தொடங்கிய இடம்தான் அரவிந்த். கண்புரை அறுவைச் சிகிச்சையால்தான் உலகம் அதை அறிந்தது. சீனிவாசன் எடுத்துக்கொண்ட துறைக்கு அந்தப் புகழ் கிடையாது. புரையை எடுத்துவிட்டால் நோயாளி மறுநாள் சிரித்துக்கொண்டு வீடு போவார். கருவிழிப் புண்ணோ வாரக்கணக்கில் இழுக்கும். மணிக்கொருதரம் சொட்டு மருந்து விட வேண்டும். கடைசியில் பார்வை மிஞ்சுமா என்று உறுதியும் சொல்ல முடியாது. வருகிறவர்களும் வயலிலும் காட்டிலும் வேலை செய்யும் ஏழைகள். இப்படிப்பட்ட நோயைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றதைத்தான் அவருடைய பெரிய காரியமாக நான் நினைக்கிறேன்.

முதலில் கணக்கு வேண்டியிருந்தது. 1994-இன் முதல் மூன்று மாதங்களில் மதுரைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை அவரும் கூட்டாளிகளும் ஒருவர் விடாமல் ஆராய்ந்தார்கள். முடிவு 1997-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளியானது. அவர்களில் 65 சதவீதத்தினருக்குப் புண் வரும் முன் கண்ணில் ஏதோ ஒரு காயம் பட்டிருந்தது. கிருமி வளர்த்துக் கண்டறிந்த புண்களில் பக்டீரியா ஏறக்குறையப் பாதி, பூஞ்சணம் ஏறக்குறையப் பாதி. மேற்கு நாட்டுப் பாடநூல்களில் பூஞ்சணப் புண் ஓர் அபூர்வம். மதுரையில் அது அன்றாட நோய். மாவட்டம் முழுவதற்குமான கணக்கு 1996-இல் வந்தது: ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் கணக்கிட்டபோது கிடைத்ததைப் போல் இது பத்து மடங்கு. காயமும் புண்ணும் சேர்ந்து உலகில் ஆண்டுதோறும் 15 முதல் 20 லட்சம் பேரின் ஒரு கண்ணையாவது பறிக்கின்றன என்று 2001-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை மதிப்பிட்டது. அதை எழுதிய மூவரில் சீனிவாசனும் ஒருவர்.

பூஞ்சணமா பக்டீரியாவா என்று பிரித்தறியப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கண்ணை மரக்கச் செய்து, புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துணுக்கைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டு ஒரு சொட்டு விட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். பூஞ்சணமானால் நூல் நூலாகத் தெரியும். சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்தில் சிகிச்சையின் திசையே மாறிவிடும்.

அடுத்த கேள்வி மருந்து. பூஞ்சணப் புண்ணுக்கு நேற்றமைசின் என்ற பழைய சொட்டு மருந்து இருந்தது, 1950-களில் கண்டுபிடித்தது. பிறகு வொரிகொனசோல் வந்தது. புதியது, விலை அதிகம், ஆய்வுகூடத்தில் நன்றாகவே வேலை செய்தது. பல நாட்டு மருத்துவர்கள் அதற்கு மாறத் தொடங்கினார்கள். அரவிந்தும் சான் பிரான்சிஸ்கோவின் புரொக்டர் ஆய்வு நிலையமும் சேர்ந்து 323 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்து இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டன. டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னா முன்னின்று எழுதிய முடிவு 2013-இல் வந்தது. பழைய நேற்றமைசினே வென்றது. பியூசேரியம் என்ற பூஞ்சண வகையில் வித்தியாசம் இன்னும் பெரிது. வொரிகொனசோல் பெற்றவர்களில் கூடுதலான பேருக்குக் கருவிழி ஓட்டையானது அல்லது அவசர மாற்று அறுவை தேவைப்பட்டது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் நேற்றமைசினை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு பெரிய சோதனை ஸ்டீரொயிட் சொட்டு மருந்தைப் பற்றியது. அதில் சீனிவாசனே முதல் ஆசிரியர். பக்டீரியாப் புண் உள்ள 500 பேருக்கு அன்ரிபயோட்டிக்கோடு ஸ்டீரொயிட்டும் சேர்த்தால் தழும்பு குறையுமா என்று பார்த்தார்கள். மூன்று மாத முடிவில், மொத்தமாக எடுத்துப் பார்த்தால் பார்வையில் வித்தியாசம் இல்லை என்று 2012-இல் அறிவித்தார்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் எந்தக் கிருமி என்று ஆய்வுகூடத்தில் உறுதி செய்து, அன்ரிபயோட்டிக்கை முதலில் தொடங்கி, மருத்துவரின் கண்காணிப்பில்தான் ஸ்டீரொயிட் கொடுத்தார்கள். பார்மசியில் "கண் சிவந்திருக்கு, ஒரு மருந்து தாங்க" என்று கேட்டு வாங்குகிற போத்தலில் பல சமயம் ஸ்டீரொயிட் இருக்கும். அதை விட்டதும் சிவப்பு குறையும், வலி தணியும், நோயாளிக்கு நிம்மதி. உள்ளே பூஞ்சணம் இருந்தால் அது தடையில்லாமல் வளரும். குச்சி பட்ட கண்ணுக்கு மருத்துவர் பார்க்காமல் ஸ்டீரொயிட் விடவே கூடாது. தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் ஆகியவையும் வேண்டாம். மதுரையில் புண்ணோடு வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இப்படி ஏதாவது விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பாட்டியைக் குறை சொல்லவில்லை; பக்கத்தில் வேறு எதுவும் இல்லாதபோது கையில் இருப்பதைத்தானே கொடுப்பார்?

அப்படியானால் பக்கத்தில் எதை வைப்பது? நேபாளத்தின் பக்தபூரில் டாக்டர் மதன் உபாத்யாய் குழுவினர் ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில் கீறல் பட்டவர் உடனே அவர்களிடம் போனால், மூன்று நாளைக்குக் குளோரம்பெனிக்கோல் களிம்பு. 442 கீறல்களில் 96 சதவீதம் தொற்று இல்லாமல் ஆறின. 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. சீனிவாசன் இதைப் போன்ற முறையை மதுரைப் பக்கக் கிராமங்களில் சோதித்து 2006-இல் வெளியிட்டார். 374 கீறல்கள், பூஞ்சணப் புண் ஒன்றும் இல்லை. பின்னாளில் நேபாளத்தில் இன்னும் பெரிய அளவில் சோதித்தபோது, ஊர் முழுவதும் சேர்த்துப் பார்க்கையில் புண்களின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி குறையவில்லை. களிம்பு மேசையில் இருந்தால் போதாது, காயம்பட்டவர் அன்றே வந்தாக வேண்டும் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

மலையகத்தில் சிக்கல் அங்கேதான். காலை ஒன்பது மணிக்குக் கண்ணில் வாது பட்டவர் டிஸ்பென்சரிக்குப் போனால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான், விழும். அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையிலேயே நிற்கிறார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கண் திறக்க முடியாமல் போன பிறகு டிக்கோயா ஆதார வைத்தியசாலை, அங்கிருந்து கண்டிக்குக் கடிதம், பஸ், துணைக்கு ஒருவர், அவருக்கும் பேர் இல்லை. இந்தியா 150 கட்டில்களோடு கட்டிக்கொடுத்த டிக்கோயாக் கட்டடம் 2017-இல் திறந்தது. அது வந்த பிறகு தூரம் குறைந்தது உண்மை. ஆனால் களிம்பு வேலை செய்கிற அந்த முதல் நாள் லயத்துக்கும் மலைக்கும் இடையிலேயே கழிந்துவிடுகிறது.

இலங்கைக்கு இந்தத் துறையில் வேறொரு பெருமை உண்டு. 1961-இல் டாக்டர் ஹட்சன் சில்வா கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964-இல் முதற்கண்கள் சிங்கப்பூருக்குப் பறந்தன. பிறகு 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் இலங்கையர் கொடுத்த கருவிழிகளால் மக்கள் பார்க்கிறார்கள். அதை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது. இருந்தாலும் கிருமி தின்ற கண்ணில் மாற்றுக் கருவிழி வைப்பது தெளிவான கண்ணில் வைப்பதைப் போல் எளிதில்லை. உடம்பு அதை நிராகரிக்கும் அபாயம் கூடுதல். பூஞ்சணம் புதிய கருவிழிக்கும் பரவலாம். தானம் கிடைக்கிறது என்பதற்காகப் புண்ணை வரவிட முடியாது.

தோட்ட டிஸ்பென்சரியில் வைக்க வேண்டியவை ஒரு தட்டில் அடங்கும். கீறலைப் பச்சையாக ஒளிரவைக்கும் புளோரசீன் தாள், நீல வெளிச்சம் தரும் ஒரு சிறு டோர்ச், குளோரம்பெனிக்கோல் களிம்பு. கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் களிம்போடு நிறுத்தாமல் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கவ்வாத்து மலைக்குப் போகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். மழையிலும் பனியிலும் அது மங்கிப்போகும் என்பதால் வலைபோட்ட முகமறைப்பு இன்னும் நல்லது. கண்ணில் அடிபட்டு டிஸ்பென்சரிக்குப் போகிறவருக்கு முழுப்பேர் போட வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சில் சங்கங்கள் இதைக் கேட்கலாம். நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டால் தோட்டக் கம்பனிக்கு இது மிகச் சிறிய செலவு.